கூட நின்று சொல்ல முடியாத இடத்தில்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி எங்களைவிட நன்றாகப் பேசக்கூடிய பழைய மாணவிகள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் உறவினர் ஒருவர், "டொக்டர் வேலையை விட்டுட்டுக் கொம்பியூட்டர் காரரோடை இருந்து என்ன பிள்ளை செய்யிறியள்?" என்று கேட்டார். "எழுதுறம் மாமி" என்றோம். அவருடைய முகத்தில் தெரிந்த கவலை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை இன்று இங்கே சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இந்த உரையில் "நாங்கள்" என்று சொல்லும்போது இரண்டு கூட்டத்தைச் சொல்லுகிறோம். ஒன்று, இந்தப் பாடசாலையில் தொண்ணூறுகளில் படித்த எங்கள் வகுப்பு. மற்றது, வைத்தியசாலைகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு குழுவுக்குள் எழுத்து வேலை செய்யும் மூன்று பேர். மூவரில் ஒருவர் வைத்தியர்; அவர்தான் உங்கள் முன் நிற்பது. இன்னொருவர் பத்திரிகையில் இருந்து வந்தவர். மூன்றாமவர் சிங்களம் கற்பித்த ஆசிரியை. தொழில்நுட்ப எழுத்தாளர் என்பது எங்கள் பதவியின் பெயர்.

மென்பொருளைப் பொறியியலாளர்கள் செய்கிறார்கள். அதைப் பாவிக்கப் போவது தாதி, மருந்தாளர், பதிவு எழுதும் உத்தியோகத்தர், வைத்தியர். இவர்களுக்கு நடுவில் இருக்கும் சொற்கள் அனைத்தும் எங்கள் பொறுப்பு. கையேடு மட்டுமல்ல, திரையில் உள்ள பொத்தானின் பெயர், பிழை வந்தால் தோன்றும் வசனம், புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற அறிவித்தல், எல்லாமே.

இந்த வேலையின் முதற்பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது பல்கலைக்கழகம் அல்ல, இந்தப் பாடசாலையின் மனையியல் அறை.

1993ஆம் ஆண்டு என்று நினைவு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கி விழுவோம். சீனியும் மண்ணெண்ணெயும் விலை கொடுத்தும் கிடைக்காத நேரம். அப்படியான நாளில் மனையியல் ரீச்சர் ஒரு வேலை தந்தார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு பலகாரத்தின் செய்முறையை எழுத வேண்டும். எழுதிய தாளை வேறொரு மாணவியிடம் கொடுக்க வேண்டும். அவள் தாளில் உள்ளதை மாத்திரம் செய்ய வேண்டும். எழுதியவள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது.

எங்களில் ஒருத்தி பயற்றம் உருண்டை எழுதினாள். பயறை வறுத்து, இடித்து, அரித்து, தேங்காய்ப்பூவும் பனங்கட்டிப் பாகும் சேர்த்து உருட்டவும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். செய்ய வந்தவள் பாகைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, ஆறட்டும் என்று பாத்திரங்களைக் கழுவப் போனாள். திரும்பி வந்து சேர்த்தபோது உருண்டை பிடிபடவில்லை. மாவும் பாகும் தனித்தனியே உதிர்ந்தன. எழுதியவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சூட்டோடை சேர்க்கவேணும் எண்டது எல்லாருக்கும் தெரியுந்தானே ரீச்சர்" என்றாள்.

ரீச்சர் ஏசவில்லை. "உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நீ எல்லா வீட்டுக் குசினியிலும் போய்க் கூட நிண்டு சொல்ல ஏலாது, பிள்ளை. கடதாசிதான் சொல்லவேணும்" என்றார். அந்த நாளில் பனங்கட்டியை வீணாக்க முடியாது. உதிர்ந்ததை எல்லோரும் கையில் அள்ளிச் சாப்பிட்டோம்.

இன்று மென்பொருள் உலகில் இதைப் பாவனையாளர் சோதனை என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு தாதியைத் திரையின் முன் இருத்தி, "இந்த நோயாளியை விடுதியில் அனுமதியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்னால் வாய் மூடி நிற்போம். எந்த இடத்தில் அவருடைய கை தயங்குகிறது என்று பார்ப்போம். வாயைத் திறக்காமல் நிற்பதுதான் கடினம். ரீச்சரின் அறையில் பழகியதால் எங்களுக்குக் கொஞ்சம் முடிகிறது.

இந்த வேலைக்குப் பெரிய முன்னோர் உண்டு என்பதையும் தங்கைமார் அறிய வேண்டும். கிரேஸ் ஹொப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, வாசர் என்ற பெண்கள் கல்லூரியில் கற்பித்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்ற கணிப்பொறியிடம் அனுப்பப்பட்டார். சுமார் 15 மீற்றர் நீளமான இயந்திரம் அது. அதை நிரற்படுத்தியவர்களில் ஒருவர் அவர். அதன் கையேட்டைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே. 1946இல் வெளிவந்த அந்தக் கையேடு 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒருவரே, இயக்கத் தெரியாதவருக்காகவும் உட்கார்ந்து எழுதினார். பிற்காலத்தில் கணினி மொழிகளை மனித மொழிக்குக் கிட்டக் கொண்டுவர அவர் உழைத்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறோம்.

எங்கள் குழு எப்படி இயங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்லுகிறோம். இரண்டு கிழமைக்கு ஒரு சுற்று. அதை ஸ்பிரிண்ட் என்பார்கள். தினமும் காலையில் 15 நிமிடம், நின்றபடியே ஒரு கூட்டம்: நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எது தடையாக இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரிக்கெற் திறக்கப்படும். மென்பொருளின் நிரல் வைக்கப்பட்டிருக்கும் அதே களஞ்சியத்தில்தான் எங்கள் கையேடும் இருக்கிறது. பொறியியலாளர் ஒரு மாற்றத்தைச் செய்தால், அதற்குரிய பக்கமும் மாறினால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆரம்பத்தில் நாங்கள் குழுவுக்கு வெளியில் இருந்தோம். எல்லாம் செய்து முடித்த பிறகு, வெளியிடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, "இதுக்கு ஒரு கையேடு எழுதித் தாங்கோ" என்பார்கள். கட்டி முடித்த வீட்டில் கதவு எங்கே என்று வழி சொல்லுகிற வேலை அது. கதவு தவறான இடத்தில் இருந்தாலும் சொல்ல எங்களுக்கு இடமில்லை. பிறகு எங்களை உள்ளே எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதுதான் இன்று சொல்ல வந்த கதை. அதற்கு முன், வெளியில் இருந்த காலத்துச் சிறிய சம்பவம் ஒன்று.

திரையில் உள்ள ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக்கி மொழிபெயர்ப்புக்கு அனுப்புவது வழக்கம். சொல் மட்டும் போகும். அது எந்தத் திரையில், எந்த இடத்தில் வருகிறது என்பது போகாது. பட்டியலில் "டிஸ்சார்ஜ்" என்று ஒரு சொல். மொழிபெயர்த்தவர் மருத்துவ அகராதியைப் பார்த்து, புண்ணில் இருந்து வடிவதைக் குறிக்கும் சொல்லைப் போட்டுவிட்டார். அவரில் பிழை இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பொத்தானில் "கசிவு" என்று தமிழில் வந்தது. விடுதித் தாதியர் சிரித்துச் சிரித்து அழுதார்கள். ஒரு கிழமை முழுவதும் அந்த விடுதியில் "இண்டைக்கு எத்தினை பேர் கசியினம்?" என்பதுதான் கதை.

சிரித்தாலும் அதில் ஒரு பாடம் இருந்தது. சொல்லை அதன் இடத்தில் இருந்து பிரித்து எடுத்தால் பொருள் போய்விடும். இப்போது ஒவ்வொரு சொல்லோடும் அது எந்தத் திரையில் வருகிறது, யார் அதை அழுத்துவார், அழுத்தினால் என்ன நடக்கும் என்று மூன்று வரி எழுதி அனுப்புகிறோம். பெயர்களிலும் இதே சிக்கல். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால், தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் கொண்ட எங்கள் சனம் எதை எங்கே எழுதும்? ஒரே அம்மா ஒரு கிளினிக்கில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் பதியப்பட்டால், அவருக்கு ஒவ்வாத மருந்து எது என்ற குறிப்பு ஒரு பதிவில் மட்டுமே இருக்கும்.

சொல் சரியில்லாவிட்டால் உயிர் போகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அது 6 நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. மூலகாரணம் மென்பொருளில் இருந்த பிழையும், முந்திய இயந்திரங்களில் இருந்த பாதுகாப்புத் தடைகளை நீக்கியதுமே. ஆனால் 1986இல் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்த விபத்தில், இயக்குநரின் திரையில் பிழைச் செய்தியாகத் தோன்றியது "கோளாறு 54" என்ற பொருளிலான இரண்டே சொல் மட்டும். அவரிடம் இருந்த கையேடு அந்த இலக்கத்தை விளக்கவில்லை. அப்படியான செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வரும். ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். அவரும் பழக்கத்தின்படி அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளி இரண்டாம் தடவையும் சுடப்பட்டார்.

இந்தக் கதையைக் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லுவோம். சொல்லுவது எளிது. எங்களுக்கே ஒரு நாள் வந்தது.

மெத்தோட்ரெக்சேற் என்ற மருந்தை இங்கே சிலர் அறிவீர்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுப்பது. அதற்குக் குளிசையைக் கிழமைக்கு ஒரு தடவைதான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மச்சை இரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்தி, உயிரே போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது.

எங்கள் மென்பொருளில் மருந்து எழுதும் திரையில், எந்த மருந்தைத் தெரிவு செய்தாலும் "தினமும் ஒரு தடவை" என்பது தானாகவே வந்து நிற்கும். பெரும்பாலான மருந்துகளுக்கு அது சரி. வைத்தியருக்கு நேரம் மிச்சம். இந்த மருந்துக்கு மாற்ற வேண்டும் என்றால் ஒரு பட்டியலைத் திறந்து, கீழே இறங்கி, வேறொரு பெட்டியில் நாளைக் குறிக்க வேண்டும். அதைக் கையேட்டில் எழுத உட்கார்ந்தபோது ஏழு படிகள் வந்தன. ஒரு சாதாரண செயலுக்கு ஏழு படி வந்தாலே எங்கோ பிழை என்று எங்களுக்குத் தெரியும். பொறியியலாளர்களிடம் சொன்னோம். வெளியிடும் திகதி நெருங்கிவிட்டது, இப்போது மாற்ற முடியாது, கையேட்டில் ஒரு எச்சரிக்கை போடுங்கள் என்றார்கள். போட்டோம். தடித்த எழுத்தில், பெட்டி கட்டி, "கவனம்" என்று தலைப்பிட்டுப் போட்டோம். எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று மாதத்தின் பின் ஒரு வைத்தியசாலையில் இருந்து மருந்தாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கிளினிக்குக்கு வந்த வயோதிப அம்மா ஒருவரின் மருந்துச் சீட்டில், மெத்தோட்ரெக்சேற் தினமும் ஒரு தடவை என்று அச்சாகியிருந்தது. இந்த மருந்து வந்தால் அந்த மருந்தாளர் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பாராம். அன்றும் கேட்டிருக்கிறார்: "எந்த நாளிலை குளிசை போடுறனீங்கள் அம்மா?" அம்மா சொல்லியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமையிலை, பிள்ளை. இனித் தினமும் போடவேணுமோ?"

அந்த அம்மாவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு கேள்வியால் தப்பினார்.

அன்று மாலை நடந்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. பிழை எங்களில் இல்லை." அது உண்மை. சீட்டு எழுதிய இளம் வைத்தியர் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் காத்திருக்கும் கிளினிக்கில் எவர் கையேட்டைப் புரட்டுவார்? விடுதியில் வேலை செய்த காலத்தில் நாங்களே ஒரு கையேட்டையும் திறந்ததில்லை. அப்படியென்றால் அந்தப் பெட்டியை யாருக்காகக் கட்டினோம்? நோயாளியைக் காக்க என்று எழுதினோம். அது எங்களைத்தான் காத்தது. இதை அந்தக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் வெட்கமாக இருந்தது. ஏழு படி வந்த அன்றே விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் எங்களைக் குழுவுக்குள் எடுத்தார்கள். இப்போது அந்த மருந்தைத் தெரிவு செய்தால் "தினமும்" என்பதே வராது. திரை ஒரு கேள்வி கேட்கும்: "கிழமையில் எந்த நாள்?" நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த மருந்தாளர் வாயால் கேட்ட கேள்வியைத்தான் திரையில் எழுதி வைத்தோம். கையேட்டில் இருந்த ஏழு படியும் எச்சரிக்கைப் பெட்டியும் நீக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த மிக நல்ல எழுத்து வேலை எது என்று கேட்டால், அழித்துவிட்ட அந்தப் பக்கத்தைத்தான் சொல்லுவோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு விதி உண்டு. "கவனம்" என்று எழுதக் கை போனால், எழுதும் முன் ஒரு ரிக்கெற் திறக்க வேண்டும்: இந்தக் கவனத்தைத் தேவையற்றதாக்க முடியுமா? எல்லாவற்றையும் மாற்ற முடிவதில்லை. ஆனால் கேட்காமல் விடுவதில்லை.

உள்ளே இருப்பதில் ஆபத்தும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பொறியியலாளர்களோடு ஆறு மாதம் இருந்தால் அவர்களுடைய சொற்கள் எங்கள் வாயிலும் வந்துவிடும். விளங்காத ஒன்று விளங்குவதுபோல் தோன்றும். பயற்றம் உருண்டை எழுதியவளின் நிலைக்கு நாங்களும் வந்துவிடுவோம். எனவே மாதம் ஒரு தடவையாவது ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் போய் உட்காருவோம். புதிதாக வந்த ஒருவரின் பக்கத்தில், பேசாமல். இன்னொரு கஷ்டம், பொறியியலாளர்கள் பலர் இருக்க எழுத்தாளர் சிலரே இருப்போம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் எங்கள் மேசையைத்தான் பார்ப்பார்கள். நல்ல எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாதபோதுதான் தெரியும்.

முன்வரிசையில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தவர் தமிழை மறக்க வேண்டும், கலைப்பிரிவு எடுத்தவருக்குக் கணினி வராது என்று எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தெளிவாக ஒரு வசனம் எழுதத் தெரிந்து, விளங்காததை "விளங்கவில்லை" என்று சபையில் கேட்கும் துணிவும் உள்ள பெண்பிள்ளைக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது. வகுப்பில் "விளங்கேல்லை ரீச்சர்" என்று கை உயர்த்தும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவளுடைய கேள்வி ஒரு நாள் ஒருவரின் உயிரைக் காக்கும்.

உலகெங்கும் பரந்திருக்கும் எங்கள் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள், மாதத்தில் ஒரு மணித்தியாலத்தை இணையவழியாக இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கட்டடம் கட்டித் தந்த சங்கம் இது. இந்த நூறாவது ஆண்டில் வேலைகளின் கதைகளையும் கட்டித் தருவோம்.

எங்கள் மனையியல் ரீச்சர் இப்போது பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறார் என்று அறிகிறோம். இன்று இந்த மண்டபத்துக்கு வர முடியவில்லை. ஆனால் இந்த உரை மலரில் அச்சாகும், மலர் அவருடைய வீட்டுக்கும் போகும். ரீச்சர், அங்கே உங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல எங்களால் ஏலாது. கடதாசி சரியாகச் சொல்லியிருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேணும்.